இந்தப் பிறவியில் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த முறை ஒரு நாடகத்தின் முடிவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொப்ளின் என்ற கொரிய நாடகம். இன்னும் பார்க்காதவர்கள், பார்க்கிற எண்ணம் உள்ளவர்கள், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 16 பகுதியையும் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் போகமாட்டேன். ‘எனக்கு எங்கே நேரம்? கதையைச் சொல்லுங்கோ’ என்கிறவர்கள் தொடர்ந்து வாசியுங்கள். நம்மில் பாதிப்பேர் இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். பிள்ளை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எதைப் பார்த்து அழுகிறது என்று தெரிந்தால் போதும், அவ்வளவுதான்.

இது புது நாடகமும் இல்லை. 2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரியில் கொரியாவின் ரீவிஎன் அலைவரிசையில் முடிந்தது. கட்டணத் தொலைக்காட்சியில் வந்த நாடகம் ஒன்றின் கடைசிப் பகுதி 20 சதவீதத்துக்கு மேல் பார்வையாளரை எட்டியது அங்கே அதுதான் முதல் தடவை. எழுதியவர் கிம் உன்-சூக். அவர் எழுதிய இன்னொரு நாடகத்தைப் பற்றியும் பிறகு சொல்லவேண்டும், ஞாபகம் வைத்திருங்கள்.

கதை சுருக்கமாக இது. கொர்யோ அரச காலத்துத் தளபதி கிம் ஷின். போரில் வென்று திரும்புகிறவனை, இளம் அரசன் வாங் யோ துரோகி என்கிறான். அரசனின் காதில் நஞ்சை ஊற்றுவது ஓர் அரண்மனை அதிகாரி. கிம் ஷினின் வீட்டாட்கள் அத்தனைபேரும் கொல்லப்படுகிறார்கள். அவனுடைய தங்கைதான் அரசி. அவளும் அம்பு பட்டு அங்கேயே விழுகிறாள். தளபதி தன்னுடைய வாளாலேயே சாகிறான். ஆனால் சாவு முழுதாக வரவில்லை. நெஞ்சில் வாள் குத்தியபடியே, சாகாத ஒருவனாக 900 வருஷத்துக்கு மேல் அலைகிறான். கொரிய நாட்டுக் கதைகளில் வரும் தொக்கேபி என்பது நம்முடைய குறும்புப் பேய் மாதிரி ஒன்று. பழைய விளக்குமாறு, இரத்தம் பட்ட சாமான் இவற்றிலிருந்து பிறக்கும் என்பார்கள். அதைத்தான் கிம் உன்-சூக் இப்படி ஒரு துயரமான, நல்ல உடுப்புப் போட்ட, கொங் யூ முகமுள்ள மனிதனாக மாற்றிவிட்டார். அந்த வாளை உருவக்கூடியவள் அவனுடைய மணமகள் ஒருத்திதான். உருவினால் அவன் செத்துப்போவான். அவள்தான் ஜி உன்-தக்.

அவன் வீட்டில் வாடகைக்கு வந்து சேர்கிறவன் ஒரு யமதூதன். கறுப்புத் தொப்பி, கறுப்பு உடுப்பு. கையில் இறப்பவர்களின் பெயர் எழுதின அட்டைகள். இறந்தவர்களைத் தன் தேநீர் அறைக்கு அழைத்து, ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்பான். அதைக் குடித்தால் இந்தப் பிறவியின் ஞாபகம் எல்லாம் போய்விடும். ஆனால் அவனுக்கே தன் முற்பிறவி ஞாபகம் இல்லை. தன் பெயர்கூடத் தெரியாது. யமதூதர்கள் எல்லாருமே முற்பிறவியில் பெரும்பாவம் ஒன்று செய்தவர்கள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்குகிறான். கோழிப் பொரியல் கடை நடத்தும் சன்னி. உன்-தக் அந்தக் கடையில்தான் பகுதிநேர வேலை செய்கிறாள்.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். யமதூதன்தான் அந்த அரசன். சன்னிதான் அந்த அரசி.

இணையத்தில் இந்த முடிவைப் பற்றி அழுகிறவர்கள் பெரும்பாலும் உன்-தக்கைப் பற்றித்தான் அழுகிறார்கள். அது நியாயமும்கூட. கலியாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே, சரிவில் கட்டுப்பாடில்லாமல் உருண்டுவரும் ட்ரக் ஒன்று சிறு பிள்ளைகள் இருக்கும் பஸ்ஸில் மோதப்போகிறது. தன் காரைக் குறுக்கே விட்டு அவள் தடுக்கிறாள். அங்கேயே போய்விடுகிறாள். அவளுடைய பெயர் யமதூதனின் அட்டையில் முன்கூட்டி வரவேயில்லை. ஒரு மனிதப்பிறவி தானாக முடிவெடுத்துத் தன்னைக் கொடுப்பதைத் தெய்வம்கூடக் கணக்குப் பார்த்து வைக்கமுடியாது என்று அந்த இடத்தில் நாடகம் சொல்கிறது. தேநீர் அறையில் அவள் கோப்பையைத் தொடவில்லை. மறக்கமாட்டேன், ஓடிப்போய் ஓடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கடைசியில் கனடாவின் கியூபெக் நகரத்தில், கல்லறைக் கற்கள் நிற்கும் ஒரு புல்மேட்டில், பாடசாலை உடுப்பில் ஒரு கொரியப் பெண் அவனிடம் நடந்து வருகிறாள். அவனை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு நாடகம் முடிகிறது.

அழகான முடிவுதான், மறுக்கவில்லை. நானும் கண் துடைத்தேன். ஆனால் எனக்கு அது கொஞ்சம் லேசான முடிவாகவே பட்டது. அவர்கள் இருவரும் ஒருவருக்கு ஒருவர் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. காத்திருப்பது மட்டும்தான் அவர்களுடைய கஷ்டம். 900 வருஷம் இருந்தவனுக்கு இன்னும் ஒரு பிறவி என்ன பெரிய காலம்?

கனமான முடிவு மற்றச் சோடியுடையது.

சன்னிக்கு முற்பிறவி ஞாபகம் திரும்புகிறது. தன்னையும் தன் அண்ணனையும் சாகவிட்ட அரசன்தான் இந்த யமதூதன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவனை இன்னும் விரும்புகிறாள், அதுவும் தெரிகிறது. அவன் தன் சக்தியைப் பயன்படுத்தி, துக்கமானதை எல்லாம் மறந்துவிடு, நல்லதை மட்டும் வைத்துக்கொள் என்று அவளுடைய ஞாபகத்தை அழிக்கப் பார்க்கிறான். அன்பினால்தான் செய்கிறான். அவள் மறந்தவள்போல நடிக்கிறாள். வருஷக்கணக்காக நடிக்கிறாள். உண்மையில் ஒன்றையும் மறக்கவில்லை. பிறகு அவள் எடுக்கிற முடிவுதான் எனக்கு இந்த நாடகம் முழுவதிலும் பெரிய இடம். இந்தப் பிறவியில் உன்னோடு இருக்கமாட்டேன், நான் உனக்குக் கொடுக்கக்கூடிய தண்டனை இது ஒன்றுதான் என்ற கருத்தில் சொல்லி, ஒருதரம் கட்டிப்பிடித்துவிட்டுக் கடையையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மாறியெல்லாம் வரவில்லை. பல வருஷங்கள் கழித்து யமதூதனின் கடைசி அட்டையில் வரும் பெயர் அவளுடையது. அந்தத் தேநீர் அறையில்தான் திரும்பச் சந்திக்கிறார்கள். மோதிரத்தைக் கொடுக்கிறான். இரண்டுபேரும் சேர்ந்து படியேறிப் போகிறார்கள்.

ஆக, மன்னிப்பு வருகிறது. ஆனால் ஒரு முழு ஆயுள் பிந்தி வருகிறது. இடையில் ‘பாவம், அவனுக்கும் மனம் நோகும்தானே, விட்டுவிடு’ என்று அவளிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அண்ணன்காரனும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவன் அந்த யமதூதனோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறான். ஆரம்பத்தில் யார் எதைச் சமைப்பது என்று சண்டை பிடித்த மாதிரியே கடைசியிலும் சண்டை பிடித்துக்கொண்டு இருக்கிறான். அவன் தன் கணக்கைத் தன் வழியில் முடித்துக்கொண்டான். தங்கையின் கணக்கு தங்கையுடையது.

இதை நம் வீடுகளில் நடப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் அடிபட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒன்றைச் ‘சொறி’ சொல்லவைக்கிறோம், மற்றதை ‘பரவாயில்லை’ சொல்லவைக்கிறோம். இரண்டும் 30 செக்கனில் முடியவேண்டும், ஏனென்றால் விருந்தாட்கள் வந்திருப்பார்கள், இல்லையென்றால் கார் வெளிக்கிடவேண்டும். சொறி சொல்லப் பழக்குவது சரிதான். அடிவாங்கினதை உடனே பரவாயில்லை என்று சொல்லவைப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்குவதில்லை. நோகுது என்கிற பிள்ளைக்கு நோகும்வரை நோகத்தான் செய்யும்.

யமதூதனின் மறதிக்கு வருகிறேன். முற்பிறவியில் அவன் தன் குற்றத்தைத் தாங்கமுடியாமல், நஞ்சு என்று தெரிந்தே மருந்துக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துச் செத்தவன். இந்தப் பிறவியில் ஒன்றும் தெரியாமல் இருக்கிறான். ஆனால் அந்த அரசியின் ஓவியச் சுருளை விரித்ததும் ஏனென்று தெரியாமல் பொலபொலவென்று கண்ணீர் வருகிறது. பிறகு ஒரு கட்டத்தில், கடமை தவறியதற்காக மேலிடம் அவனுக்குக் கொடுக்கும் தண்டனை என்ன தெரியுமா? ஞாபகத்தைத் திருப்பிக் கொடுப்பது. நீ செய்ததை நீயே பார் என்பது. கண் தெரிந்தபிறகுதான் அவன் கிம் ஷினின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடியவன் ஆகிறான். அதுவரை அவனை யார் மன்னிப்பது, எதற்காக மன்னிப்பது? தான் யாரென்றே தெரியாதவனிடம் மன்னிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவன் அதை எங்கே வைப்பான்?

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் 3 வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவள். எனக்கு ஊர் என்பது அம்மா அப்பா சொன்ன கதைகள், சனிக்கிழமை வகுப்பில் கீறின பனைமரம், பிறகு பெரிய ஆளானபின் போய்ப் பார்த்த இரண்டு கிழமை. அம்மாவுக்கு அது ஒரு முழுப் பிறவி. அங்கே அவவுக்கு வேறு பெயர், வேறு நடை, வேறு சிரிப்பு இருந்திருக்கிறது. பழைய அல்பத்தில் பார்த்தால் தெரியும். அந்தப் பிறவியில் அவவுக்கு ஒரு அக்காவும் இருந்தவ. இந்தப் பிறவியில் அந்த அக்கா எங்கள் வீட்டிலிருந்து காரில் 10 நிமிஷத் தூரத்தில் இருக்கிறா. இரண்டுபேரும் கதைப்பதில்லை.

கலியாண வீடுகளில் எந்த மேசையில் யாரை இருத்தவேண்டும் என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் பெரியம்மாவைக் கண்டால் சிரிப்போம், கதைப்போம், அம்மா தடுத்ததில்லை. ஏன் இப்படி என்று கேட்டால் ‘அது பழைய கதை’ என்பதோடு முடிந்துவிடும். ‘ஏதோ வீட்டுப் பிரச்சினை’ என்ற அளவில்தான் எனக்குத் தெரிந்திருந்தது. உங்களில் எத்தனைபேர் வீட்டில் இப்படி ஒரு மாமா, ஒரு சித்தி, பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்குகிற ஓர் ஆள் இருக்கிறார்? எங்கள் தலைமுறை முற்பிறவிப் பகைகளை ஞாபகமில்லாமலே வாங்கிக்கொண்ட தலைமுறை. ஓவியத்தைப் பார்த்து அழுத யமதூதன் மாதிரி, ஏனென்று தெரியாமலே சில வீட்டுப் படலையைத் திறக்கமாட்டோம்.

என் மகளுக்கு 15 வயது. கொப்ளினின் கடைசி இரண்டு பகுதியை அவள் அம்மம்மாவோடு இருந்து பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்து ஓடுகிற வேகத்துக்கு வாசிக்க ஏலாது. அதனால் மகள் அரைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. சன்னி போகிற இடத்தில் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அம்மம்மா, சன்னிக்கு அவரை விருப்பம்தானே? பிறகேன் விட்டிட்டுப் போறா?”

“விருப்பம் எண்டா உடனே மன்னிக்கோணும் எண்டு ஆர் சொன்னது?”

“அப்ப நீங்களும் அதுதானா பெரிய அம்மம்மாவோட கதைக்கிறேல்லை?”

நான் குசினியில் அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக நான் அம்மாவிடம் கேட்டதே கிடையாது. அம்மா கீரையைக் கீழே வைக்கவில்லை. ஆய்ந்தபடியே சொல்லத் தொடங்கினா.

ஊரில் இருந்த வீடு இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பாதி பாதி என்றுதான் பேச்சு. பெரியம்மாவுக்கு முதலில் கலியாணம் நடந்தது, அங்கேயே இருந்தா. பிறகு அம்மாவுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பொருந்தியது. உறுதி எழுதுகிற நேரம் தாத்தா முழு வீட்டையும் பெரியம்மாவுக்கே எழுதிவிட்டார். அப்போது பெரியம்மா எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு சொன்னாவாம், “வெளிநாட்டு மாப்பிள்ளைக்காரிக்கு இந்த ஓட்டுவீடு என்னத்துக்கு?” என்று. 1995இல் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அந்த வீட்டையும் விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் போனபோது கூரை இல்லை. நான் போய்ப் பார்த்தபோது கிணறும் ஒரு பக்கச் சுவரும்தான் நின்றன. சண்டைபிடித்த வீடே இல்லை.

மகள் அதையேதான் கேட்டாள். வீடே இல்லையே அம்மம்மா, பிறகென்ன?

“வீடில்லைப் பிள்ளை. அந்தச் சொல்லு.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாடகம் நிறுத்தினபடியே நின்றது. பிறகு மகள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

“அப்பிடிச் சொன்னது பெரிய அம்மம்மாவுக்கு ஞாபகம் இருக்குமா?”

அம்மா பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அவ இந்தச் சொல்லைச் சுமந்திருக்கிறா. சொன்னவவுக்கு அது ஒரு பகிடியாக அன்றைக்கே காற்றோடு போயிருக்கலாம் என்பதை அவ யோசித்துப் பார்த்திருப்பாவா தெரியாது. அடித்தவருக்குக் கை நோவதில்லை. பெரியம்மா தன் முற்பிறவி தெரியாத யமதூதனாக, ஏன் தங்கச்சி முகம் கொடுப்பதில்லை என்று விளங்காமலே இருந்திருக்கலாம். இன்னொன்றும் மகளுக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு இப்போது மறதி தொடங்கிவிட்டது. மச்சாள் எனக்குப் போனில் சொல்லியிருந்தா. சில நாட்களில் பேரப்பிள்ளையின் பெயர் வருவதில்லையாம், ஊர்க் கிணற்றடியைப் பற்றி மட்டும் தெளிவாகக் கதைப்பாவாம். அந்தக் கோப்பைத் தேநீரை அவ துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருக்கிறா.

இரண்டு கிழமை கழித்து, எதற்கோ காரில் போகும்போது, அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டா, “அவளுக்கு ஆக்களைத் தெரியுதாமோ?” என்று. தெரியும் என்றேன். ‘ம்’ என்றா. அவ்வளவுதான் நடந்தது. போனும் எடுக்கவில்லை, பெரியம்மா வீட்டுக்குப் போகவும் இல்லை. நான் வற்புறுத்தப்போவதும் இல்லை. சன்னியிடம் யாரும் வற்புறுத்தவில்லை என்று மேலே எழுதினேன். அதை என் அம்மாவுக்கு மட்டும் விதிவிலக்காக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் காலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. சன்னிக்கு அடுத்த பிறவி எழுதிக் கொடுக்க ஒரு கதாசிரியை இருந்தார்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. என் மகளுக்குக் கதை தெரியும். சொல், ஓட்டுவீடு, கிணறு, எல்லாம் தெரியும். இனி அவள் பெரிய அம்மம்மாவைக் காணும்போது சிரிப்பாளா, முகத்தைத் திருப்புவாளா என்பதை அவளே தீர்மானிப்பாள். தெரியாத பகையைச் சுமப்பதைவிட அது பரவாயில்லை என்பது என் எண்ணம். சில அம்மாக்கள் இதை ஏற்கமாட்டார்கள். பிள்ளைகளிடம் பழைய குப்பையைக் கிளறாதே என்பார்கள். எந்தச் சண்டையை எந்த வயதில் சொல்வது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும், அதில் நான் சட்டம் போட வரவில்லை. கேட்கிற பிள்ளைக்குச் சொல்லலாம்.

இந்த முற்பிறவிக் கதை நமக்கொன்றும் புதிதில்லை. கொரியாவிலும் நம்மிடமும் இதை விதைத்ததில் பௌத்தத்துக்குப் பெரிய பங்கு. மணிமேகலை கடல் கடந்து மணிபல்லவத் தீவில் தன் முற்பிறப்பை அறிகிறாள். அந்தத் தீவு நயினாதீவுதான் என்று பலர் சொல்வார்கள், எங்கள் ஊர்க்காரர் அதில் மிகவும் உறுதி. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரன்தான் போன பிறவியில் தன் கணவன் இராகுலன் என்று அவளுக்குத் தெரியவருகிறது. தெரிந்ததும் ஓடிப்போய் அவனோடு சேர்ந்துவிடவில்லை. தன் வழியிலேயே போகிறாள். பிறகு அவன் வாளுக்கு இரையாகிறான். அவனுடைய தாயான அரசி பழிவாங்க மணிமேகலையைச் சிறைப்படுத்திப் பலவிதமாக வருத்துகிறாள். மணிமேகலை அந்தத் தாயிடம் கடைசியில் என்ன செய்கிறாள் என்று பார்த்தால், கதை சொல்கிறாள். போன பிறவியில் முனிவருக்குப் பரிமாற இருந்த உணவோடு தடுக்கி விழுந்த சமையல்காரனை இராகுலன் வெட்டிக் கொன்றதை, அதுதான் இந்தப் பிறவியில் அவன் வெட்டுப்பட்டதாகத் திரும்பி வந்ததை, எல்லாம் சொல்கிறாள். அரசியின் மனம் அதற்குப்பிறகுதான் இளகுகிறது. எனக்கு இதைச் சனிக்கிழமை வகுப்பில் படிப்பித்தபோது அமுதசுரபி மட்டும்தான் மனதில் நின்றது. அள்ள அள்ளக் குறையாத சோறு என்றால் எந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது?

தமிழ்ப் படத்திலும் உண்டு. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ 1963இல் வந்தது. அதில் காதலர் மறுபிறவி எடுத்து வந்தாலும், முதல் பிறவியில் அவர்களைப் பிரித்த ஜமீன்தார் சாகாமல் கிழடாகி, அதே கோபத்தோடு இன்னும் காத்திருப்பார். நம்பியாரின் அந்த வேஷத்தைப் பார்த்துச் சின்ன வயதில் பயந்திருக்கிறேன். கொப்ளினிலும் அப்படி ஒருவன் உண்டு. அரசனின் காதில் நஞ்சு ஊற்றிய அதே அதிகாரி 900 வருஷமாக ஆவியாக அலைந்து, வந்தும் பழைய வேலையையே செய்கிறான். அவனுக்கு மன்னிப்புக் கிடையாது. அவன் கேட்கவும் இல்லை. கிம் ஷின் அந்த நெஞ்சு வாளை உருவச் செய்து அவனை வெட்டிவிட்டுத்தான் தானும் மறைகிறான்.

கிம் உன்-சூக்கின் மற்ற நாடகத்தை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன். ‘த குளோறி’, நெற்ஃபிளிக்ஸில் 2022 கடைசியில் வந்தது. பாடசாலையில் கூடப் படித்தவர்களால் சித்திரவதை செய்யப்பட்ட ஒரு பெண், பெரியவளானபின் ஒவ்வொருவராகத் தேடிப் பழிவாங்குகிற கதை. அந்தக் கதைக்கு விதை எங்கிருந்து வந்தது என்று கிம் உன்-சூக்கே சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூட வயதில் இருந்த அவருடைய மகள் ஒருநாள் கேட்டாளாம், நான் யாரையாவது அடித்துக் கொன்றுவிட்டு வந்தால் அம்மாவுக்குக் கூட நோகுமா, இல்லை நான் அடிபட்டுச் செத்துப்போனால் கூட நோகுமா என்று. பிள்ளைகள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! மன்னிப்பைப் பற்றி இப்படி உருகி எழுதிய அதே கைதான் சில வருஷத்தில் மன்னிக்கவே மாட்டேன் என்று 16 பகுதி எழுதியது. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. ‘த குளோறி’யில் வருகிற கொடுமைக்காரருக்கு எல்லாம் நல்ல ஞாபகம் இருக்கிறது, ஆனால் ஒரு துளி வெட்கமும் இல்லை. யமதூதனுக்கு ஞாபகம் வந்த நிமிஷமே அவன் உடைந்துபோகிறான். சன்னிக்கு எதிரே நின்றவனும் அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்றவர்களும் ஒரே ரகம் இல்லை.

பிள்ளையோடு பார்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ‘த குளோறி’யைச் சின்னப் பிள்ளைகளோடு பார்க்கவே வேண்டாம், அது வளர்ந்தவர்களுக்கானது. கொப்ளினிலும் எனக்கு உறுத்தியது உண்டு. உன்-தக் தொடக்கத்தில் உயர்தரப் பாடசாலைப் பெண். நாயகனாக நடித்த கொங் யூ 1979இல் பிறந்தவர், கிம் கோ-உன் 1991இல். 939 வயதுத் தொக்கேபி என்று கதை எவ்வளவு சமாளித்தாலும், கண்ணுக்குத் தெரிவது ஒரு பாடசாலைப் பிள்ளையும் ஒரு பெரிய ஆணும்தான். அதை மகளிடம் வாய்விட்டே சொன்னேன், ‘அம்மா, இது நாடகம்’ என்று கண்ணைச் சுழற்றினாள். சுழற்றட்டும், சொன்னது காதில் விழுந்திருக்கும்.

மற்றது பெரிய விஷயம். தன்னுயிரை மாய்த்தவர்கள்தான் பாவிகளாகி யமதூதர் ஆகிறார்கள் என்பது இந்த நாடகத்தின் அடிப்படை. கதைக்கு அது வசதி. ஆனால் பதின்ம வயதுப் பிள்ளை இதைப் பார்க்கும்போது, அப்படிப் போன ஒருவரை அதற்குத் தெரிந்திருக்கலாம். நம்முடைய சமூகத்தில் இப்படி நடந்த வீடுகளில் அதை ‘ஹார்ட் அற்றாக்’ என்று மாற்றிச் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த இடத்தில் நாடகத்தை நிறுத்திவிட்டு, அது பாவமோ தண்டனையோ இல்லை, தாங்கமுடியாத நோவு, அப்படி உனக்கு என்றைக்காவது இருந்தால் எந்த இரவானாலும் என்னை எழுப்பு என்று நான் மகளிடம் சொன்னேன். அவள் ‘ஓகே’ என்றாள். அந்த வயதுக்கு அதுவே நீளமான பதில்.

கடைசிக்கு வருவோம். சன்னியும் யமதூதனும் மறுபிறவியில் ஒரு நடிகையாகவும் ஒரு பொலிஸ் துப்பறிவாளராகவும் பிறந்து, திரும்பக் காதலித்து, சின்னச் சின்னதற்கெல்லாம் கொழுவிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். இரண்டுபேருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. கிம் ஷின் மட்டும் தூர நின்று பார்க்கிறான். தங்கையைக் கொன்றவனும் தங்கையும் சிரித்துக்கொண்டு போவதைப் பார்க்கிறான், அவனுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கொங் யூவின் முகத்தை அந்த இடத்தில் கவனியுங்கள். கியூபெக் புல்மேட்டைவிட எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது.

ரொறன்ரோப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஒருநாள் முழுக்கக் கார் ஓடினால் கியூபெக் நகரம். பெற்றி ஷாம்ப்ளேன் தெருவில் இருக்கிற அந்தச் சிவப்புக் கதவு உண்மையில் ஒரு நாடக அரங்கின் பக்கக் கதவு. கொரியாவிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று படமெடுக்கிறார்கள், வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். மலைமேல் ஷாற்றோ ஃப்ரொன்ற்நாக் விடுதி, பாராளுமன்றத்துக்கு முன்னால் நீர்த்தாரை, எல்லாம் நாடகத்தில் கண்டபடியே இருக்கின்றன. கல்லறைக் கற்களைத் தேடாதீர்கள், அவை படப்பிடிப்புக்காக வைத்தவை, வெறும் புல்தான் இருக்கும். குளிர்காலத்தில் போவதானால் நல்ல சப்பாத்து அவசியம், அந்தத் தெருப்படிகள் வழுக்கும். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மேலே ஏற இழுவை ரயில் இருக்கிறது, படிகளில் ஏற்றவேண்டாம்.

அடுத்த மாதம், பலரும் கேட்டிருந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வீட்டுப்பாடம் பற்றி.